சீனா கொடுக்க வேண்டிய உறுதிமொழியை இலங்கை கொடுத்த கதை

2022 ஆகஸ்ட் 16 காலை யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. 222 மீட்டர் நீளம், மேல்தளத்தில் இராட்சத அலைவாங்கித் தட்டுகள். செய்மதிகளையும் ரொக்கெட்டுகளையும் தூர ஏவுகணைகளையும் வழிநெடுகப் பின்தொடரக்கூடிய கப்பல் அது. பீஜிங் அதை ஆராய்ச்சிக் கப்பல் என்றது, இந்தியப் பத்திரிகைகள் உளவுக் கப்பல் என்று எழுதின. கொழும்பில் நாங்கள் அப்போது கியூ.ஆர். கோட்டைக் காட்டி அளந்து கிடைத்த பெற்றோலில் ஓடிக்கொண்டிருந்தோம், ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த நிலைமையில் ஆசியாவின் இரண்டு பெரிய நாடுகளும் எங்கள் தென்கோடித் துறைமுகத்தை வைத்து மல்லுக்கட்டின.

வளர்ந்துவரும் ஒரு வல்லரசு, தன்னால் யாருக்கும் ஆபத்தில்லை என்று மற்ற நாடுகளை எப்படி நம்பவைக்கிறது? இந்தக் கேள்விக்குக் கொழும்பைவிட நல்ல ஆய்வுக்களம் கிடைப்பது கஷ்டம். 2014 முதல் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சீனாவின் நல்லெண்ணத்துக்கு ஆதாரமாக இந்தியாவின் முன்னால் வைக்கப்பட்ட உறுதிமொழிகளில் உண்மையில் எடை உள்ளவற்றை எழுதியதும் நிறைவேற்றியதும் இலங்கைதான். சீனா தன் பங்குக்குச் சொன்னதெல்லாம் பெரும்பாலும் பொதுவான பேச்சு. இந்த நிலைமை யாருக்கும் நல்லதில்லை, சீனாவுக்கும்கூட.

நடந்தது என்ன

கப்பல் வருவதற்கு வெளிவிவகார அமைச்சு 2022 ஜூலை 12 அன்று அனுமதி கொடுத்தது. திகதியைக் கவனியுங்கள், கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டுப் புறப்பட்டதற்கு முதல் நாள். ஆகஸ்ட் 11 இல் வந்து எரிபொருளும் பொருட்களும் ஏற்றிக்கொண்டு 17 இல் போவது திட்டம். செய்தி வெளியே வந்ததும் டெல்லி கவலை தெரிவித்தது. புதிதாகப் பதவியேற்றிருந்த ரணில் விக்கிரமசிங்க அரசு ஆகஸ்ட் முதல் வாரத்தில் சீனாவுக்கு எழுதி, வருகையைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னது. சீன வெளிவிவகார அமைச்சின் பேச்சாளர், சில நாடுகள் பாதுகாப்புக் கவலை என்று சொல்லி இலங்கை மீது அழுத்தம் போடுவது நியாயமே இல்லை என்றார். கப்பல் திரும்பிப் போகவில்லை, இந்து சமுத்திரத்தில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 13 அன்று கொழும்பு இணங்கியது, 16 முதல் 22 வரை தரித்து நிற்கலாம் என்று அனுமதி வந்தது.

அனுமதியோடு இரண்டு நிபந்தனைகள். கப்பல் எங்கே நிற்கிறது என்று எல்லோருக்கும் காட்டும் தானியங்கி அடையாளக் கருவி இலங்கையின் பொருளாதார வலயத்துக்குள் அணைக்கப்படாமல் இருக்கவேண்டும், எங்கள் கடலில் எந்த ஆராய்ச்சியும் நடக்கக்கூடாது. இரண்டுமே இலங்கை போட்டவை. இடையில் இன்னொன்றும் நடந்தது, கப்பல் வருவதற்கு முதல் நாள், ஆகஸ்ட் 15 அன்று, இந்தியா கட்டுநாயக்காவில் வைத்து இலங்கைக் கடற்படைக்கு ஒரு டோர்னியர் கடல் கண்காணிப்பு விமானத்தைக் கையளித்தது.

கப்பல் 22 ஆம் திகதி போய்விட்டது. ஆனால் கதை முடியவில்லை. நான்கு நாள் கழித்து சீனத் தூதுவர் சி ஜென்ஹொங் ஒரு கட்டுரை வெளியிட்டார். இலங்கை தன் வடக்கு அயலவரின் ஆக்கிரமிப்பை 17 தடவை வென்றது, மேற்கின் 450 வருடக் காலனித்துவத்தை வென்றது, மூன்று தசாப்தப் பயங்கரவாத எதிர்ப்புப் போரையும் கடந்து நிமிர்ந்து நிற்கிறது என்று அதில் எழுதினார். இந்திய உயர்ஸ்தானிகராலயம் மறுநாளே, இது இராஜதந்திரப் பண்பாட்டுக்கே விரோதம் என்று பதில் கொடுத்தது.

எனக்கு வலித்தது வேறு இடத்தில். வடக்கு அயலவரின் படையெடுப்பு என்று இந்தத் தீவின் நாளாகமங்களில் வருவது பெரும்பாலும் சோழரும் பாண்டியரும். அதே வாக்கியத்தில் எங்கள் முப்பது வருடப் போரையும் பயங்கரவாத எதிர்ப்பு என்று சேர்த்துவிட்டார். சுமார் எட்டு மாதத்துக்கு முன், 2021 டிசம்பரில், இதே தூதுவர் வேட்டி கட்டி நல்லூர்க் கோயிலுக்குப் போனார், யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் போனார், மீனவர்களுக்கு உதவிப் பொருட்கள் கொடுத்தார். வடக்கில் அந்தப் பயணத்தை நல்ல மனத்தோடு பார்த்தவர்களும் இருந்தார்கள். அந்த நல்லெண்ணமெல்லாம் ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

பயம் எங்கிருந்து வந்தது

இந்தியா ஏன் ஒரு கப்பலுக்கு இவ்வளவு பதறியது என்று அப்போது கொழும்பில் பலர் கேட்டார்கள். 2014 க்குப் போகவேண்டும். அந்த வருடம் செப்டெம்பரில் ஷீ ஜின்பிங் கொழும்புக்கு வந்து துறைமுக நகரத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார், அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஒரு சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்பில் வந்து நின்றது. அது நின்ற இடம் எங்கள் துறைமுக அதிகாரசபையின் இறங்குதுறை இல்லை, சீனா மேர்ச்சண்ட்ஸ் நிறுவனம் 85 வீதப் பங்கு வைத்து நடத்தும் தெற்கு முனையம். ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையைத் தடுக்கப் போகும் வழியில் எரிபொருளுக்கு நின்றது, எல்லாக் கடற்படைகளும் செய்வதுதான் என்றார்கள். கடற்கொள்ளையரின் சிறு படகுகளைப் பிடிக்க நீர்மூழ்கி எதற்கு என்று டெல்லி கேட்டது, நியாயமான கேள்வி. சரி, ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். இந்தியா கவலையைச் சொன்ன பிறகும் ஒக்டோபர் 31 அன்று மறுபடியும் வந்தது. என் கணிப்பில் சீனாவின் மிகப் பெரிய தவறு அந்த இரண்டாவது வருகைதான். முதல் வருகைக்கு விளக்கம் சொல்லலாம், அடுத்தவர் பயம் தெரிந்த பிறகு அதையே திரும்பச் செய்வதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது.

ஆராய்ச்சிக் கப்பல் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். கடல்நீரின் வெப்பம், உப்பு, ஆழம் எல்லாம் தண்ணீருக்குள் ஒலி எப்படிப் பயணிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மீன்வளத்துக்கும் பருவமழையைக் கணிப்பதற்கும் பயன்படுகிற அதே அளவீடுகள், நீர்மூழ்கியை மறைக்கவும் தேடவும் பயன்படும். இதற்குப் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, ஒரே தரவுக்கு இரண்டு பயன். அதனால்தான் "இது விஞ்ஞானம்" என்ற பதில் உண்மையாக இருந்தாலும் போதாமல் போகிறது.

அதற்கும் முந்தைய காயம் ஒன்று இருக்கிறது. 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் திபெத் வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில், ஒருவரையொருவர் தாக்காமல் சமாதானமாக வாழ்வோம் என்ற பஞ்சசீலக் கொள்கையை எழுதிக் கையெழுத்திட்டன, எட்டு வருடத்தில், 1962 ஒக்டோபரில், எல்லையில் போர். அந்தப் போருக்குப் பிறகு சமரசம் பேச அணிசேரா நாடுகள் ஆறு கூடியது இதே கொழும்பில்தான், 1962 டிசம்பரில், சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அழைப்பில். பீஜிங் அமைதியான எழுச்சி பற்றி 2003 இல் பேசத் தொடங்கி, 2005 இலும் 2011 இலும் வெள்ளை அறிக்கைகள் வெளியிட்டபோது டெல்லி அதை 1954 இன் நினைவோடுதான் வாசித்தது. தென்சீனக் கடலும் உதவவில்லை. சீனா உரிமை கோரும் அங்குள்ள நான்ஷா (ஸ்பிராட்லி) தீவுகளை இராணுவமயமாக்கும் எண்ணம் இல்லை என்று ஷீ ஜின்பிங் 2015 செப்டெம்பரில் வொஷிங்டனில் சொன்னார், அப்புறம் அங்கே ஏவுகணைகளும் போர் விமான ஓடுபாதைகளும் வந்தன.

இந்தியாவுக்கு மட்டும் சுத்தமான வரலாறு என்று நான் சொல்லவரவில்லை. 1987 ஜூன் 4 அன்று மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே உணவுப்பொதி போட்டது, அடுத்த மாதமே அமைதிப்படை என்ற பெயரில் வந்து 1990 மார்ச் வரை நின்றது, அந்தப் பெயரை நம்பி வரவேற்ற எங்கள் ஆட்கள் பிறகு எதையெல்லாம் அனுபவித்தார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு தெரியும். வளரும் வல்லரசு ஒன்று நல்லெண்ணத்தோடு வருகிறேன் என்று சொல்வதைக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள், சொல்பவர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும்.

காலியில் கிடைத்த கல்

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனத் தளபதி செங் ஹ தன் பெருங்கப்பல் படையோடு இங்கே வந்தபோது நிறுத்தியது, கல்லில் உள்ள வருடம் 1409. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தங்கம் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. இந்தத் தீவின் ஒவ்வொரு சமூகத்தையும் அவரவர் மொழியில், அவரவர் தெய்வத்தின் பெயரால் சமாதானப்படுத்த முயன்ற ஒரு வல்லரசு. அறுநூறு வருடத்துக்கு முன்பு செய்த வேலை என்று பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. ஒரு தமிழனாக அந்த எழுத்துகளின் முன்னால் நிற்கும்போது எனக்குப் பெருமையும் உண்டு.

ஆனால் அதே பயணத்தில்தான் செங் ஹவின் படை இங்கே போரிட்டு, ஆட்சி நடத்திய அழகேஸ்வரனைப் பிடித்து 1411 இல் நான்ஜிங்குக்குக் கொண்டுபோனது. முதலில் தாக்கியது இலங்கைப் பக்கம்தான் என்று சீன நூல்கள் சொல்கின்றன, பேரரசர் அவனை மன்னித்து விட்டார் என்றும் சொல்கின்றன. யார் தொடங்கினாலும், காணிக்கை கொடுத்த படை ஆட்சியாளனைத் தூக்கிக்கொண்டு போனது. இன்றைக்கு பீஜிங் செங் ஹவைச் சமாதானத் தூதுவராகவே உலகத்துக்குக் காட்டுகிறது, இங்கே உள்ள ஞாபகம் அவ்வளவு எளிமையானது இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூன்று மொழியில் கல் நாட்டிய பாரம்பரியத்தின் வாரிசுகள், 2021 மேயில் கொழும்பு சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு திறந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், சீனம் மூன்றையும் போட்டுத் தமிழை விட்டுவிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு பலகை அகற்றப்பட்டது. நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்றை சட்டத்துறையின் வாசலிலேயே காணவில்லை என்றால், அதைப் பார்க்கும் தமிழனுக்கு இந்தப் புதிய நண்பர் யாருடைய நண்பர் என்ற கேள்வி வராதா? உள்ளூர் அதிகாரிகளுக்கும் இதில் சம பங்கு உண்டு, அதை மறைக்கவில்லை.

சீனா உண்மையில் விட்டுக்கொடுத்தவை

நியாயமாகப் பார்க்கவேண்டும். 1952 இறப்பர் அரிசி ஒப்பந்தத்தை எடுங்கள். சீனாவுக்கு மூலோபாயப் பொருட்கள் விற்கத் தடை இருந்த காலம், இலங்கைக்கு அரிசித் தட்டுப்பாடு. வருடத்துக்கு 270,000 தொன் அரிசி, பதிலுக்கு 50,000 தொன் இறப்பர், ஐந்து வருடத்துக்கு. இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையே முறையான இராஜதந்திர உறவுகூட 1957 வரை இல்லை. கொழும்பில் சீனா மீது இன்றுவரை இருக்கிற நம்பிக்கையின் அடித்தளம் அதுதான். 1973 இல் திறந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபமும் அன்பளிப்பு, கடன் இல்லை.

துறைமுக நகரத்தில் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 269 ஹெக்டயர் கடலை நிரப்பும் திட்டம், முதல் ஒப்பந்தப்படி 20 ஹெக்டயர் சீன நிறுவனத்துக்கு நிரந்தரச் சொத்து. இந்தியாவுக்கு அது பெரிய உறுத்தல், கொழும்புத் துறைமுகத்துக்கு ஒட்டினாற்போல் சீன நிலம். 2015 இல் ஆட்சி மாறியதும் வேலை நிறுத்தப்பட்டது. 2016 இல் திருத்திய ஒப்பந்தத்தில் அந்த 20 ஹெக்டயரும் 99 வருடக் குத்தகையாக மாறியது, தாமதத்துக்குக் கேட்ட இழப்பீட்டையும் நிறுவனம் கைவிட்டுக் கொஞ்சம் நிலத்தோடு சமாதானமாகியது. காலிமுகத்திடலிலிருந்து பார்க்கும் எல்லோருக்கும் கட்டடம் தெரிகிறது, இந்தத் திருத்தம் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு இது சீனா உண்மையாகவே இறங்கிவந்த இடம். அதைச் சொல்லிக்காட்டிப் பெருமைப்படும் வாய்ப்பை பீஜிங் ஏன் பயன்படுத்தவில்லை என்பது விளங்கவில்லை.

அம்பாந்தோட்டை பற்றி ஒரு பிழையான கதையும் உலாவுகிறது, கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைச் சீனா பறித்தது என்று. 2017 இல் சீன நிறுவனத்துக்கு விட்ட 99 வருடக் குத்தகைக்குக் கிடைத்த 1.12 பில்லியன் டொலர் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, துறைமுகத்துக்கு வாங்கிய சீனக் கடன் அப்படியே இருந்தது, அது ரத்தாகவில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2021 இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கான பக்டீரியா இருப்பதாக இலங்கை அதைத் திருப்பியது, நீதிமன்றத் தடையால் கொடுப்பனவு நின்றது. உடனே சீனத் தூதரகம், பணத்தைக் கொடுக்கவேண்டிய இலங்கை அரச வங்கியான மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் டொலருக்கு அலைந்துகொண்டிருந்த நாடு ஆறரை மில்லியன் டொலருக்கு மேல் கட்டியது. பெரிய நாடு ஒன்று சின்ன வியாபாரத் தகராறில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மற்ற நாடுகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். கடன் மறுசீரமைப்பிலும் இப்படித்தான். கடனைச் சீரமைக்கச் சம்மதம் என்று சர்வதேச நாணய நிதியத்துக்கு உத்தரவாதக் கடிதத்தை 2023 ஜனவரியில் முதலில் கொடுத்தது இந்தியா, சீன எக்ஸிம் வங்கியின் முதல் கடிதம் இரண்டு வருட அவகாசம் மட்டும் சொன்னது, போதுமான கடிதம் மார்ச்சில்தான் வந்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் நாங்கள் தவித்த வருடத்தில் ஒரு கடிதம் எத்தனை கல்வெட்டுக்குச் சமம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

யார் கையெழுத்து

1987 ஜூலை 29 இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், திருகோணமலையையோ வேறெந்த இலங்கைத் துறைமுகத்தையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான விதத்தில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடமாட்டோம் என்று இருக்கிறது. சரியாக முப்பது வருடம் கழித்து, 2017 ஜூலை 29 அன்று, அம்பாந்தோட்டைக் குத்தகை கையெழுத்தானது. அதிலும் பாதுகாப்பு இலங்கையின் கையில், இராணுவத் தேவைக்கு இடமில்லை என்று கொழும்பு விளக்கம் கொடுத்தது. 2018 இல் கடற்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகத்தை அம்பாந்தோட்டைக்கு மாற்றுவதாக அறிவித்தது கொழும்பு. அதற்கு முன், 2017 மேயில், மோடி வெசாக்குக்கு வந்த நேரத்தில் சீன நீர்மூழ்கிக்கு அனுமதி மறுத்ததும் கொழும்பு. 2023 ஒக்டோபரில் ஷி யான் 6 என்ற சீன ஆராய்ச்சிக் கப்பல் வந்துபோன பிறகு, 2024 ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் எதுவும் வேண்டாம் என்று நிறுத்தியதும் கொழும்பு. 2024 டிசம்பரில் டெல்லிக்குப் போன ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, இலங்கை மண்ணை இந்தியாவுக்கு எதிராகப் பயன்படுத்த விடமாட்டோம் என்று மறுபடி சொன்னார், அடுத்த மாதம் பீஜிங்குக்கும் போனார்.

இந்த வரிசையில் சீனாவின் கையெழுத்து எங்கே? சந்தேகம் சீனா மீது, உறுதி கொடுப்பதும் அதைக் காப்பாற்றி அதற்கான செலவைச் சுமப்பதும் இரண்டு கோடியே இருபது இலட்சம் பேர் உள்ள ஒரு கடன்பட்ட நாடு. இப்படி ஒருவருக்காக இன்னொருவர் பிணை நிற்கும் உறுதிக்கு ஆயுள் குறைவு, ஏனென்றால் கொழும்பில் ஆட்சி மாறினால் அதுவும் மாறலாம் என்று டெல்லிக்குத் தெரியும். 2022 ஜூலை 12 அதற்கு நல்ல சாட்சி, அரசே கலைந்துகொண்டிருந்த நாளில் கொடுத்த அனுமதி அது.

ஒப்பிட்டுப் பார்க்க ஜெர்மனி இருக்கிறது. 1990 இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகும்போது, பிரான்சும் போலந்தும் பயப்பட்டதில் நியாயம் இருந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் மொஸ்கோவில் கையெழுத்தான உடன்படிக்கையில் ஜெர்மனி தானே தன் படையை 370,000 பேருக்குள் வைப்பதாகவும், அணு ஆயுதம் வைத்திருக்கமாட்டேன் என்றும், போலந்து எல்லையை மாற்றக் கேட்கமாட்டேன் என்றும் எழுதிக்கொடுத்தது. எண் இருந்தது, எல்லை இருந்தது, மீறினால் எல்லோருக்கும் தெரியும். பயத்துக்குக் காரணமானவரே தன் கையைக் கட்டிக்கொண்டார்.

சீனா இங்கே அவ்வளவு பெரிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. தன் நிறுவனங்கள் நடத்தும் கொழும்பு, அம்பாந்தோட்டை முனையங்களில் நீர்மூழ்கி எதுவும் நிற்காது என்று பீஜிங் தன் பெயரில் அறிவிக்கலாம். ஆராய்ச்சிக் கப்பல் அனுப்பும்போது பயணப் பாதையை முன்கூட்டியே வெளியிட்டு, எங்கள் கடலில் எடுத்த தரவு முழுவதையும் இலங்கையின் நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவுக்கு அதே நேரத்தில் கொடுக்கலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் போன்றவற்றை ஏலத்தில் எடுக்கும் முன்பே டெல்லியோடு பேசலாம். அந்தத் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், திறந்த கேள்விப்பத்திரத்தில் 2021 ஜனவரியில் சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது, இராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம் என்பதால் இந்தியா எதிர்த்தது, அந்த வருட டிசம்பரில் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் நிறுத்துகிறோம் என்று சீனத் தூதரகம் கோபத்தோடு அறிவித்தது, பின்னர் இந்தியா மானியம் கொடுத்து இந்திய நிறுவனத்துக்குப் போனது. தீவுப் பகுதிச் சனத்துக்கு வரவேண்டிய மின்சாரம் வருடக்கணக்கில் தள்ளிப்போனது, அவர்களிடம் இரண்டு நாட்டில் ஒன்றுகூட வந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆராய்ச்சிக் கப்பல்களுக்கான தடை 2024 முடிவோடு காலாவதியாகிவிட்டது. ஏதாவது ஒரு நாடு அனுமதி கேட்டு மறுபடியும் எழுதத்தான் போகிறது. அப்போது எங்கள் வெளிவிவகார அமைச்சு நிபந்தனைகளை எழுதி, கப்பலை அனுப்பும் அரசின் கையெழுத்தை அதன் கீழே வாங்கி, கப்பல் வருவதற்கு முன்பே பாராளுமன்றத்தில் வைக்கவேண்டும். கையெழுத்துப்போட மறுத்தால் அனுமதியும் வேண்டாம்.